நிபுணருக்குக் காத்திருப்பதா, இருக்கும் மருத்துவரைத் தயார் செய்வதா?

இரத்தக்கட்டால் பக்கவாதம் வந்தவருக்கு அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து மதுரை ஏறக்குறைய 170 கிலோமீட்டர். வாய் கோணியதை வீட்டார் கவனித்து, வண்டி பிடித்து, மதுரையில் ஸ்கேன் எடுத்து முடிப்பதற்குள் அந்த நேரம் எளிதில் கழிந்துவிடும். படகில் இருக்கும்போதே கை விழுந்துபோன மீனவரின் நிலை இன்னும் மோசம். இரத்தம் தடைபட்ட ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன. ராமநாதபுரம் போன்ற மாவட்டங்களுக்கு நரம்பியல் சிகிச்சையைக் கொண்டுவரும் எந்தத் திட்டத்தையும் நான் இந்தக் கணக்கை வைத்தே எடைபோடுகிறேன்.

டி.எம். நரம்பியல் என்ற உயர் சிறப்புப் படிப்பு முடித்தவர்களைப் பெருக்குவது முதல் வழி. எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, எம்.டி. மூன்று, டி.எம். மூன்று, ஒரு நிபுணர் உருவாகப் பதினொன்றரை ஆண்டு ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் 2017இல் வெளியிட்ட கணக்குப்படி, நரம்பு அறுவை மருத்துவர்களையும் சேர்த்து, பணக்கார நாடுகளில் லட்சம் பேருக்கு ஏழு நரம்பியல் வல்லுநர்கள். ஏழை நாடுகளில் பத்து லட்சம் பேருக்கு ஒருவர். இந்தியாவில் இருப்பவர்களோ சில ஆயிரம் பேர்தான், அவர்களும் பெருநகரங்களில் குவிந்திருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பிலேயே பதின்மூன்றரை லட்சம் பேர் வாழ்ந்த ராமநாதபுரம் மாவட்டத்துக்கு ஒரு நிபுணரை அனுப்பினால் போதுமா? அவர் ஒருவரே எல்லா இரவுகளும் விழித்திருக்க முடியாது. பக்கவாதம் புறநோயாளிப் பிரிவு திறக்கும் நேரம் பார்த்து வருவதில்லை.

இரண்டாம் வழியை இமாச்சலப் பிரதேசம் செய்து காட்டியது. அங்கே 2014இல், சி.டி. ஸ்கேன் வசதியுள்ள அரசு மருத்துவமனைகளின் பொது மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் ஸ்கேன் படத்தைக் கைப்பேசியில் அனுப்ப, மருத்துவக் கல்லூரி நரம்பியல் நிபுணர்கள் பார்த்து வழிகாட்டினார்கள். ஊசி மருந்தை அரசே இலவசமாகக் கொடுத்தது. மலைப்பாதையில் முடிந்தது, சமவெளிச் சாலையில் முடியாதா? இதில் கடினமானது ஊசி போடும் கைப்பழக்கம் அன்று. மூளையில் இரத்தம் கசிந்துவிடுமோ என்ற அச்சம். முடிவின் பொறுப்பை மறுமுனையில் ஒருவர் பகிர்ந்துகொண்டால்தான் இளம் மருத்துவர் துணிவார். ஆகவே நிபுணர் இல்லாமல் இந்த வழியும் நடக்காது.

மூன்றாம் வழி பாக் நீரிணைக்கு அப்பால் இருக்கிறது. இலங்கையில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டமேற்படிப்பு நிறுவனம் நிபுணர்களைப் பயிற்றுவிக்கிறது. பயிற்சியில் ஒரு பகுதி வெளிநாட்டில். பின்னர் சுகாதார அமைச்சு அவர்களை மாகாண மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. தலைநகருக்கு வெளியேயும் நிபுணர் கிடைக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் 2022 பொருளாதார நெருக்கடியில் நிபுணர்கள் பலர் நாட்டை விட்டே வெளியேறினார்கள். பணியமர்த்தும் ஆணையால் மட்டும் ஒருவரை ஊரில் நிறுத்திவைக்க முடியவில்லை.

நோய்க்கு நோய் என் தேர்வு மாறுகிறது. வலிப்பு நோய்க்கு இரண்டாம் வழியே போதும்: முறையாக மருந்து எடுத்தால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பின்றி வாழலாம். தொண்டியிலோ சாயல்குடியிலோ ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரே அதைத் தொடர்ந்து கவனிக்க முடியும். மருந்து தீர்ந்து ஒரு வாரம் விட்டாலும் ஆபத்து. கடலில் வலிப்பு வந்தால் உயிரே போகும். பக்கவாதத்துக்கும் அதே வழிதான், நிபுணர் தொலைபேசியில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. கால்களிலிருந்து மேலேறி மூச்சையே முடக்கும் கில்லன்-பாரே போன்ற நோய்களில் இந்த ஏற்பாடு போதாது. அங்கே நிபுணர் நேரில் வேண்டும், தீவிர சிகிச்சைப் பிரிவும் வேண்டும்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் உயர் சிறப்புப் படிப்புகளில் அரசு மருத்துவர்களுக்கான 50 விழுக்காடு ஒதுக்கீட்டைத் தமிழ்நாடு நடைமுறைப்படுத்த உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அந்த ஒதுக்கீட்டில் டி.எம். முடிப்பவர்களைத் தனியாளாக இங்கே அனுப்பாமல், மூவர் கொண்ட குழுவாக அமர்த்த வேண்டும். அதுவரை மதுரை நிபுணர்கள் இரவில் தொலைபேசியில் வழிகாட்டும் நேரத்தை முறையான பணிநேரமாகக் கணக்கிட்டு அதற்கு ஊதியம் கொடுக்க வேண்டும். நல்லெண்ணத்தை மட்டும் நம்பி ஒரு மாவட்டத்தின் இரவுகளை ஒப்படைக்கக் கூடாது.