சொந்த இணையத்தளமா, கூகுள் மேப் பதிவா?

இலங்கை மலையகத்தில் எல்ல, ஹட்டன் ஊர்கள் பக்கம் வீட்டு அறையைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுபவர்களுக்கு, சொந்தத் தளம் போடுவதா, கூகுள் மேப்பில் இடத்தைப் பதிவதா என்று இப்போது குழப்பம்தான். 2024 மே மாதம் அமெரிக்காவில் தொடங்கி, கூகுள் தேடலின் உச்சியிலேயே ஏஐ எழுதிய பதில் வர ஆரம்பித்தது. "சிவனொளிபாதமலைக்கு எப்போது போகலாம்?" என்று தேடினால், டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமி) மே மாத வெசாக் பௌர்ணமி வரை என்று அங்கேயே பதில் கிடைத்துவிடும். அப்புறம் உங்கள் பக்கத்தை யார் திறப்பார்?

செலவு: தளத்துக்கு டொமைன் (தளத்தின் பெயர்), ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் சர்வர் இடம்) என்று வருடா வருடம் கட்ட வேண்டும். மேப் பதிவு இலவசம்.

சுலபம்: மேப் பதிவைப் போனிலேயே முடிக்கலாம். தளத்துக்குத் தெரிந்த தம்பி யாரையாவது பிடிக்க வேண்டும்.

ஆள் வரவு: விஷயமே இங்கேதான். பருவம், தூரம், ரயில் நேரம் என்று நீங்கள் எழுதுவதெல்லாம் தேடுபொறிக்குத் தீனி. பதில் அங்கே, உங்களுக்குக் கிளிக் இல்லை. ஆனால் மழையில் உங்கள் வாசல் வரை ஓட்டோ ஏறுமா, மலை இறங்கி நடுங்கிக்கொண்டு வருபவருக்குச் சுடுதண்ணீர் உண்டா? இது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் எழுதாவிட்டால் எந்த ஏஐயும் உருப்படியாகச் சொல்லாது.

பிடிமானம்: மேப் பதிவு முடக்கப்பட்டால் கூகுளிடம் மன்றாட வேண்டும். தளம், பணம் கட்டும்வரை உங்களுடையது.

இரண்டு அறைதான் என்றால் மேப் போதும், படங்களை மட்டும் அடிக்கடி மாற்றுங்கள். தேயிலைத் தோட்ட நடை, சமையல் வகுப்பு என்று சொல்ல நிறைய இருந்தால் தளம் போடுங்கள். ரயில் நேரத்தை மட்டும் அதில் எழுதாதீர்கள்.