எலுமிச்சை பிழிந்தும் நிறம் மாறாத ‘சங்குப்பூ’ வோட்கா: ஏற்காடு செல்வோர் கவனத்திற்கு

ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதியின் மதுக்கூடத்தில், விலை மலிவான நீல நிற வோட்கா ஒன்றை இப்போது மும்முரமாக விற்று வருகிறார்கள். எலுமிச்சை பிழிந்தால் நீலம் ரோஜா நிறமாக மாறும், எல்லாம் சங்குப்பூவின் இயற்கை நிறம் என்று மேசைதோறும் அட்டை வைத்திருக்கிறார்கள். அதை நம்பி நானும் என் அத்தை மகனும் பணத்தை இழந்தோம். மலையேறி வரும் மற்றவர்களும் இழக்கக் கூடாது.

சங்குப்பூ நிறம் மாறும் என்பது பொய்யில்லை. அதன் நீலத்துக்குக் காரணமான ஆந்தோசயனின் என்னும் நிறமி, புளிப்புப் பட்டவுடன் ஊதாவாகவும், புளிப்பு கூடக்கூட இளஞ்சிவப்பாகவும் மாறும். அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு வேலிக்கொடியிலிருந்து பறித்த பூக்களை வெந்நீரில் போட்டு எலுமிச்சை பிழிந்தால், சாறு விழுந்த இடத்திலேயே நிறம் புரளும்.

எங்கள் மேசைக்கு வந்த தம்ளரிலோ, ஒரு மூடி எலுமிச்சையை முழுதாகப் பிழிந்து கலக்கியும் நீலம் நீலமாகவே நின்றது. பரிமாறிய தம்பி, “ஐஸ் உருகட்டும் சார், மெதுவாத்தான் மாறும்” என்றார். ஐஸ் முழுவதும் உருகிய பிறகும் மாறவில்லை. பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லித் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் பூவின் படம். பின்பக்கம், நகத்தால் கீறியது போன்ற பொடி எழுத்தில், ‘அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறம் 133’. பூவைப் பற்றி அங்கே ஒரு சொல்கூட இல்லை. 133 என்பது பிரில்லியன்ட் புளூ. ஐஸ்கிரீமிலும் மிட்டாயிலும் சேர்ப்பது. அதை நஞ்சு என்று சொல்ல மாட்டேன். ஆனால் எலுமிச்சைப் புளிப்புக்கு அந்த நிறம் அசையாது.

ஐஸ் இல்லாமல் கொஞ்சம் தனியாக ஊற்றச் சொல்லிச் சுவைத்தேன். மூக்கருகே கொண்டுபோனதும் நகப்பூச்சை அழிக்கும் திரவத்தின் நெடி அடித்தது. நாக்கில் முதலில் திகட்டும் தித்திப்பு, விழுங்கிய பின் தொண்டையில் நெடுநேரம் எரிச்சல். நம் நாட்டு மலிவு வோட்கா பெரும்பாலும் சர்க்கரை ஆலை மொலாசஸிலிருந்து வடித்த ஏறத்தாழ 96 சதவீத ஸ்பிரிட்டில் நீர் சேர்த்து 42.8 சதவீதத்துக்குக் குறைத்ததுதான்; ஒழுங்காக வடித்திருந்தால் அதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. இங்கே வடிப்பில் விட்ட குறையைத் தித்திப்பையும் ஐஸையும் கொண்டு மறைக்கிறார்கள் என்பதே என் கணிப்பு. குளிரில் நெடி மேலெழாது. ஐஸ் நிறையப் போட்டே அருந்தும்படி அட்டையில் வலியுறுத்துவதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

1994-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகள் மது விளம்பரத்தைத் தடை செய்கின்றன. ஆகவே பாட்டிலும் மேசை அட்டையுமே இவர்களுக்கு விளம்பரம். அதில் பொய்யை அச்சிட்டால் கேட்க ஆளில்லை என்று நினைக்கிறார்கள்.

பில்லில் 60 மில்லிக்கு வழக்கமான விலைக்கு மேல் ‘பூ நிறம்’ என்று 150 ரூபாய் தனியாகப் போட்டிருந்தார்கள். மேலாளரோ, “கம்பெனில குடுத்த அட்டைங்க சார், எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்று கை விரித்தார். கொண்டை ஊசி வளைவுகளில் குடித்துவிட்டு வண்டி ஓட்டக் கூடாது என்று இரவு அங்கேயே தங்கியிருந்ததால், காலையிலும் போய்க் கேட்டேன். பணமும் திரும்பவில்லை, அட்டையையும் எடுக்கவில்லை.

பில், அட்டை, லேபிள் மூன்றின் படங்களோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். இந்த நீல வோட்காவை உங்களிடம் யாராவது நீட்டினால், ஊற்றுவதற்கு முன்பே பாட்டிலை வாங்கிப் பின்பக்கம் பாருங்கள். பில்லை மேசையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள், புகாருக்கு ஆதாரம் அதுதான்.