மூடியைத் திறந்தால் நெட் இல்லை: மூன்றரை வருடம் பாவித்த லெப்டொப் பற்றி

எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் டீச்சர் தங்கச்சி போன வாரம் கேட்டார்: "அக்கா, நீங்க வச்சிருக்கிற லெப்டொப் இப்ப விலை குறைஞ்சிருக்கு. வாங்கலாமா?" இடைவேளை முடிந்து மணி அடித்துவிட்டது. அப்புறம் சொல்கிறேன் என்று வகுப்புக்குப் போய்விட்டேன். நின்ற நிலையில் சொல்லக்கூடிய பதில் என்னிடம் இல்லை, அதனால் எழுதுகிறேன். இதே தொல்லையோடு வேறு யாராவது இருந்தால் அவர்களுக்கும் உதவட்டும்.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். 2022 ஜனவரியில் வாங்கினேன். மார்ச்சில் இலங்கை ரூபாய் சரிந்த பிறகு அதே மெஷின் கைக்கெட்டாத விலைக்குப் போய்விட்டது. அந்த மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டினார்களே, அப்போது மெழுகுதிரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெட்டரியில் ஓடும் சின்ன ரவுட்டரோடு இரண்டு வகுப்பு தொடர்ந்து எடுத்திருக்கிறேன். லெப்டொப் ஒருநாளும் பாதியில் நிற்கவில்லை. எங்கள் மலைநாட்டு ஊரான நோர்வூட்டின் ஈரத்துக்கு அலுமாரியில் வைத்த சேலைகூடப் பூஞ்சணம் பூத்துவிடும். இந்த மெஷினின் கீல், கீபோர்ட், திரை எதற்கும் இன்றுவரை ஒரு குறை இல்லை. பக்கம் பக்கமாகத் தமிழில் வினாத்தாள் அடித்தாலும் விரல் வலிக்காத கீபோர்ட். இவ்வளவும் உண்மை.

பிரச்சினை ஒன்றே ஒன்று. ஸ்லீப்பில், அதாவது மூடியை மூடியதும் போகும் தூக்கத்தில் இருந்து எழுந்தால் பாதி அப்களுக்கு நெட் கிடைக்காது.

மாலை 6.30க்கு சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் கணித வகுப்பு எடுக்கிறேன். 22 பேர். பெரும்பாலும் அம்மாவின் போன்தான். அம்மா பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்து வீட்டுக்கு வந்தால்தான் போன் பிள்ளையின் கைக்கு வரும். சில வீடுகளில் அப்பா இரவு வேலைக்கு பெக்டரிக்குக் கிளம்பும்போது அதே போனைக் கொண்டுபோய்விடுவார். நடுவில் கிடைக்கும் ஒரு மணி நேரத்துக்காகத்தான் ரீலோட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் 15 நிமிடம் என்னால் போனால் அது சின்ன விஷயம் இல்லை.

காலையில் மூடிவைத்த லெப்டொப்பை 6.20க்குத் திறப்பேன். வைஃபை அடையாளம் ஒழுங்காக இருக்கும். பிரவுசரில் எந்தப் பக்கமும் திறக்கும். வகுப்பு எடுக்கும் அப் மட்டும் இணைப்பு இல்லை என்று நிற்கும். பிள்ளைகளின் விடைகள் வந்து சேரும் போல்டர் சுற்றிக்கொண்டே இருக்கும். வேறு சில நாட்களில் பிரவுசரும் போய்விடும். ஷட்டவுன் பண்ணி மறுபடி போட்டாலும் அதே கதை.

யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்: "மலையில சிக்னல் அப்படித்தானே." நானும் அதையே நம்பினேன். காசல்ரீ நீர்த்தேக்கப் பக்கமிருந்து மூட்டம் ஏறினால் லைன் போய்விடும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ரவுட்டரை ஜன்னலில் வைத்தேன், கூரைக்குக் கீழே கட்டினேன், சிம்மை மாற்றினேன். பிறகு ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி கண்டிக்குப் போய் சர்வீஸில் கொடுத்தேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டு, காசும் வாங்கிக்கொண்டு, "லெப்டொப்ல ஒண்ணும் இல்ல மிஸ், உங்க பக்கம் சிக்னல் வீக்" என்று கையில் கொடுத்தார்கள். ஒன்பது நாள் நன்றாக ஓடியது. பத்தாவது நாள் பழையபடி.

14 மாதம் இப்படியே போனது. வழி காட்டியவன் என்னிடம் படித்த பையன் ஒருவன். இப்போது கொழும்பில் கணினி வேலை. சொந்த விஷயமாக போன் எடுத்தவனிடம் புலம்பினேன். அவன் கேட்ட முதல் கேள்வி: "டீச்சர், லெப்டொப்ல நெட் போற அந்த நேரம், அதே வைஃபைல உங்க போன்ல வருதா?"

அன்று மாலையே பார்த்தேன். அதே மேசை, அதே ரவுட்டர், வெளியே கடும் மூட்டம். போனில் வீடியோ தடங்கல் இல்லாமல் ஓடியது. லெப்டொப் கிணற்றில் போட்ட கல். சிக்னலில் குற்றம் இல்லை என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. கண்டியில் அந்த மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருக்கலாம். நோர்வூட் என்று சொன்னதுமே அவர்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. என் கோபம் அதில்தான்.

பையன் சொல்லிக்கொடுத்துப் பார்த்ததில், நான் ஒரே வியாதி என்று நினைத்தது மூன்று.

முதலாவது, பிரவுசர் ஓடும், அப் ஓடாது. அப் தன் சேர்வரோடு, அதாவது மறுமுனையில் உள்ள கணினியோடு ஒரு தொடர்பைத் திறந்துவைத்துக்கொண்டே இருக்கும். லெப்டொப் தூங்கும் நேரத்தில் ரவுட்டரும் சேர்வரும் அந்தத் தொடர்பைக் கைவிட்டுவிடும். எழுந்ததும் அப் இன்னும் அந்தச் செத்த தொடர்பிலேயே பதிலுக்குக் காத்திருக்கும். தொடர்பு உயிரோடு இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும் வசதி ஒன்று உண்டு, ஆனால் விண்டோஸில் அதன் வழக்கமான இடைவெளி 2 மணி நேரம். பிரவுசரில் நாம் பக்கம் திறக்கும்போது புதிய தொடர்பு போடுவதால் அது தப்பிவிடுகிறது. இதற்கு மருந்து, அப்பை முழுதாக மூடித் திறப்பது. மூலையில் உள்ள பெருக்கல் அடையாளத்தை அமத்தினால் பல அப்கள் மூடாது. கீழே மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கும். அங்கே போய் வெளியேற்ற வேண்டும்.

இரண்டாவது, எதுவுமே ஓடாத நாள். கட்டளை அடிக்கும் கமாண்ட் விண்டோவில் ஐபிகொன்ஃபிக் (ipconfig) என்று அடித்துப் பார்த்தால் முகவரி 169.254 என்று தொடங்கியது. அப்படி வந்தால் ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை, மெஷின் தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். வைஃபை கார்ட் அரைத் தூக்கத்தில் இருக்கிறது. குற்றவாளி அதன் ட்ரைவர், அதாவது கார்டை இயக்கும் சின்ன மென்பொருள். கண்டியில் புதிதாகப் போட்டபோது பழைய ட்ரைவர் இருந்தது, அதுதான் அந்த ஒன்பது நாள் சுகம். பிறகு அப்டேட்டோடு புதிய ட்ரைவர் இறங்கிவிட்டது.

மூன்றாவது என்னை மிகவும் ஏமாற்றியது. ஷட்டவுன் பண்ணினால் எல்லாம் புதிதாகத் தொடங்கும் என்றுதானே நினைப்போம்? ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி ஒன் ஆக இருந்தால் அப்படி இல்லை. ட்ரைவர்கள் இருந்த நிலையை அப்படியே டிஸ்க்கில் எழுதிவைத்து, அடுத்த முறை அதையே எடுத்துக் கொடுக்கும். கெட்டுப்போன நிலையும் பத்திரமாகத் திரும்பி வரும். ரீஸ்டார்ட் பண்ணினால்தான் உண்மையில் எல்லாம் புதிதாகத் தொடங்கும். இவ்வளவு காலம் நான் ஷட்டவுனையே நம்பியிருந்தேன்.

இணையத்தில் தேடினால் எல்லோரும் சொல்லும் வைத்தியம் ஒன்று உண்டு: டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் சேமிக்க இதை நிறுத்தலாம் என்ற சரி அடையாளத்தை எடுத்துவிடு. இரண்டு மாலை முழுக்க அந்தப் பக்கத்தைத் தேடினேன். என் மெஷினில் அது இல்லவே இல்லை. மொடர்ன் ஸ்டான்ட்பை என்ற புது வகைத் தூக்கம் உள்ள பல லெப்டொப்களில் அது காட்டாதாம். உங்களுடையது எந்த வகை என்று பார்க்க அதே கமாண்ட் விண்டோவில் பவர்சிஎஃப்ஜி என்று அடித்து, இடைவெளி விட்டு, சாய்கோடும் ஏ எழுத்தும் போடுங்கள் (powercfg /a). இந்த மெஷினில் உள்ளவை என்ற முதல் பட்டியலில் எஸ்0 (S0) என்று வந்தால் என்னுடைய வகை. அதே பட்டியலில் எஸ்3 (S3) என்று வந்தால் பழைய வகை, அதில் அந்தப் பக்கம் பெரும்பாலும் இருக்கும்.

கடைசியில் நான் செய்தது இவ்வளவுதான். லெப்டொப் கம்பனியின் தளத்திலிருந்து பழைய ட்ரைவரை இறக்கிப் போட்டேன். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்தினேன். மூடியை மூடினால் ஸ்லீப்புக்குப் பதிலாக ஹைபர்நேட் ஆகும்படி, அதாவது திறந்திருப்பதை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு முழுதாக அணையும்படி மாற்றினேன். எழும்ப அரை நிமிடம் கூடுதலாக எடுக்கிறது, ஆனால் வைஃபை முழு விழிப்போடு வருகிறது. வகுப்பு அப்பைக் காலையிலேயே மூடிவிடுகிறேன். ஏழு மாதம் ஆகிறது. ஒரு வகுப்பும் பிந்தவில்லை. இடையில் ஒரு தடவை அப்டேட் புதிய ட்ரைவரைத் திரும்பக் கொண்டுவந்தது. இந்த முறை எங்கே பார்ப்பது என்று தெரிந்ததால் பத்து நிமிடத்தில் சரியானது.

அப்படியானால் வாங்கலாமா? வேண்டாம் தங்கச்சி. கீபோர்டும் பெட்டரியும் நல்லதுதான், இன்றைய விலைக்கு இதைவிட உறுதியான மெஷின் கிடைப்பது கஷ்டம்தான், நானே இன்னும் இதில்தான் வகுப்பு எடுக்கிறேன். ஆனாலும் என் வாயால் வாங்கு என்று சொல்ல வரவில்லை. ட்ரைவர் கெட்டதை மன்னிக்கலாம், எந்தக் கம்பனிக்கும் நடக்கும். காசு கொடுத்து வாங்கிய மெஷினின் கோளாறை 14 மாதம் எங்கள் ஊரின் தலையில் கட்டினார்களே, அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இல்லை அக்கா, இதைத்தான் வாங்குவேன் என்றால் சரி. வாங்கிய அன்றே, எந்த அப்டேட்டும் விடாமல், வீட்டுக்குக் கொண்டு வாங்க. அந்தப் பழைய ட்ரைவரை பென்ட்ரைவில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.