வீட்டில் கணப்பு (ஃபயர்ப்ளேஸ்) கட்டப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்

நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறை பக்கம் வீடு வாங்கியவர்கள், அங்கே ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் எல்லோரும் பொறுமையாக இதைப் படியுங்கள். பணம் போனதை மட்டும் சொல்வதற்காக இதை எழுதவில்லை. போன டிசம்பரில் ஒரு ராத்திரி எங்கள் அம்மாவை இழந்திருப்போம்.

எனக்கு விறகு எரியும் கணப்பின் மேல் சின்ன வயதிலிருந்தே ஆசை. அப்பா தேயிலை எஸ்டேட்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஒரு முறை மேனேஜர் பங்களாவுக்குப் பேரேடு கொண்டுபோனபோது என்னையும் கூட்டிப்போனார். வெளியே பல் கிடுகிடுக்கும் குளிர். உள்ளே சுவரோடு சேர்ந்த கணப்பில் சீகை (வாட்டில்) மரக் கட்டைகள் எரிந்துகொண்டிருந்தன. அப்பா பேசி முடிக்கும் வரை அதன் முன்னால் நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தேன். அந்தச் சூடும், அந்த வாசமும், கட்டை வெடிக்கும் சத்தமும் நாற்பது வருஷமாகியும் எனக்குள் அப்படியே இருக்கின்றன. கோத்தகிரிக்குப் பக்கத்தில் பழைய ஓட்டு வீடு ஒன்றை வாங்கியதும், ஹாலில் ஒரு கணப்பு கட்டியே தீருவது என்று முடிவு செய்தேன். அம்மாவுக்கு 78 வயது, மூட்டு வலி. மழையில் கரண்ட் போனால் ரூம் ஹீட்டரும் உதவாது.

தெரிந்தவர் மூலமாக ஒரு காண்ட்ராக்டர் வந்தார். போனில் பங்களா பங்களாவாகப் படம் காட்டினார். "எல்லாம் நாங்க பண்ணதுதான் மேடம். வெள்ளைக்காரன் காலத்து டிசைன், அப்படியே கட்டித் தர்றேன்" என்றார். ஒரு தாளில் கையால் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட் 1,85,000 ரூபாய். அதில் 250 ஃபயர் பிரிக்ஸ் (சூடு தாங்கும் செங்கல்), அதை ஒட்ட ஃபயர் கிளே கலவை, புகைக்குழாயைத் திறந்து மூட டேம்பர் என்று எல்லாமே இருந்தன. பில் போட்டால் ஜி.எஸ்.டி. சேரும், கேஷாகக் கொடுங்கள் என்றார். முதலிலேயே 1,00,000 கொடுத்தேன். அது என் தவறு.

இரண்டாவது தவறு இன்னும் பெரியது. வேலை நடந்தபோது நாங்கள் கோயம்புத்தூரில் இருந்தோம். பூச்சு காயும் வரை வர வேண்டாம், தூசியாக இருக்கும் என்று அவர் சொன்னதை நம்பி மூன்று வாரம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது கணப்பு கண்ணுக்கு அழகாக இருந்தது. முகப்பில் கருங்கல் பதித்து, மேலே மரப்பலகை வைத்து, கூரைக்கு வெளியே அகலமான சிம்னியும் எழுப்பியிருந்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்குப் பிறகு யாராலும் பார்க்க முடியாது.

விறகும் அவரே அனுப்பினார். "ஆறு மாசம் காஞ்ச சீகை, டன் 6,500." இரண்டு டன் இறங்கியது, 13,000 ரூபாய்.

பற்றவைத்த முதல் நாளே புகை ஹாலுக்குள் திரும்பியது. கேட்டதற்கு, "புது சிம்னி மேடம், சூடு ஏறணும். நாலு நாள் எரிச்சா சரியாயிடும்" என்றார். நாலு நாள் எரித்தும் சரியாகவில்லை. அடுத்து ஜன்னல் இடுக்கில் வரும் காற்றுதான் புகையைச் சுழற்றுகிறது என்று சொல்லி, எல்லா ஜன்னலுக்கும் கதவுக்கும் ரப்பர் பட்டை ஒட்டி இன்னொரு 6,000 வாங்கினார். எரிகிற நெருப்புக்குக் காற்று வேண்டும். அறைக்குள் காற்று வர வழியில்லாவிட்டால் சிம்னி வழியாகப் புகை மேலே போகாது என்பது அடுப்பு ஊதிப் பழகிய எனக்கே தோன்றியிருக்க வேண்டும்.

அந்த டிசம்பர் ராத்திரி நல்ல குளிர். அம்மா ஹாலிலேயே கட்டில் போட்டுப் படுத்தார். நானும் பக்கத்தில் படுத்தேன். பத்து மணிக்கெல்லாம் ஜ்வாலை அடங்கிக் கங்கு மட்டும் இருந்தது. புகை இல்லை, அதனால் பயமும் இல்லை. இரண்டு மணி வாக்கில் மண்டையைப் பிளக்கிற தலைவலியோடு முழித்தேன். எழுந்தால் கால் நிற்கவில்லை. அம்மா வாந்தி எடுத்திருந்தார், கூப்பிட்டால் பதில் இல்லை. எப்படியோ கதவைத் திறந்து, போர்வையோடு இழுத்து வராந்தாவில் போட்டுவிட்டுக் கத்தினேன். பக்கத்து வீட்டுப் பெரியவரும் அவர் மகனும் ஓடிவந்தார்கள். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். விடிந்த பிறகுதான் அம்மா என் பெயரைச் சொன்னார்.

டாக்டர் சொன்னது எல்லோருக்கும் தெரிய வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தூக்கம், தள்ளாட்டம் என்று வரும்போது மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றே நாம் நினைப்போம். கங்கு அணைகிற நேரம்தான் ரொம்ப ஆபத்து. புகை கண்ணுக்குத் தெரியாது, சிம்னி ஆறிப்போய் இழுப்பும் குறைந்திருக்கும், ஆனால் வாயு வந்துகொண்டே இருக்கும். இதே காரணத்தால்தான் கரியைத் தட்டில் போட்டு அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிறவர்களில் சிலர் விடிந்து எழுவதே இல்லை. சில தங்குமிடங்களில் கேட்டால் கரி அடுப்பை ரூமுக்கே கொண்டுவந்து தருவார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள், விருந்தாளிகளுக்குக் கொடுக்கவும் கொடுக்காதீர்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் முப்பது வருஷம் டீ ஃபேக்டரியில் ஹீட்டருக்கு விறகு போட்டவர். ஒரு வாரம் கழித்து அவர்தான் வந்து பார்த்தார். முதலில் விறகுக் குவியலுக்குப் போனார். இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டினார். "கேளும்மா. காஞ்ச கட்டைன்னா டங்குன்னு கேக்கும். இது தொப்பு தொப்புன்னு அடிக்குது. அவன் உனக்குத் தண்ணிய எடை போட்டு வித்திருக்கான்." வெட்டு முகத்தில் வெடிப்பே இல்லை, பட்டை இறுக்கமாக ஒட்டியிருந்தது. அதோடு, சீகை என்று சொல்லி இறக்கியதில் பாதி கற்பூர மரம் (யூகலிப்டஸ்). எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, அவருக்குப் பார்த்ததுமே தெரிந்தது.

அவர் சொன்னதைச் சோதித்துப் பார்த்தோம். சரியாக 10 கிலோ விறகை எடைபோட்டு, மழை படாத, காற்றோட்டமான கொட்டகையில் தனியாக அடுக்கினோம். எட்டு மாதம் கழித்து அது 6 கிலோ 300 கிராம். அதாவது 13,000 ரூபாயில் கிட்டத்தட்ட 4,800 வெறும் தண்ணீருக்குக் கொடுத்திருக்கிறோம். பச்சை மரத்தின் எடையில் பாதி வரை தண்ணீராக இருக்கலாம், எரிக்கிற விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஈர விறகில் வரும் சூட்டில் ஒரு பகுதி தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். அறை சரியாகச் சூடாகாது. ஆறிய புகை சிம்னிக்குள் கரிய பிசினாகப் படிந்து, பின்னொரு நாள் அதுவே தீப்பிடிக்கும். விறகை எடைக்கு விற்கிற ஊரில் ஈரமாக விற்பவனுக்குத்தான் லாபம். வாங்குமுன் தட்டிப் பாருங்கள், ஒரு கட்டையைப் பிளக்கச் சொல்லி உள்முகத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஈரமிருந்தால் சில்லென்று இருக்கும். இன்னொன்று, இந்த மலைகளில் பட்டா நிலத்து மரமானாலும் வெட்ட அனுமதி வேண்டும், 1955 முதலே அதற்குச் சட்டம் இருக்கிறது. எங்கிருந்து வந்த மரம் என்று கேட்டால் முழிக்கிறவரிடம் வாங்காதீர்கள்.

பிறகு சிம்னியை உடைத்தோம். அன்று எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. வெளியே இரண்டடி அகலத்துக்குச் செங்கல் கூடு. அதற்குள்ளே ஒரே ஒரு 6 அங்குல ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் பைப். மழைத்தண்ணீர் இறங்கப் போடுகிற அதே பைப். சூட்டில் அது இரண்டு இடத்தில் விரிசல் விட்டிருந்தது. அதில் ஒரு வெடிப்பு கூரைச் சட்டத்துக்கு ஒரு சாண் தூரத்தில்.

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். எங்கள் கணப்பின் வாய் 36 அங்குல அகலம், 30 அங்குல உயரம், மொத்தம் 1,080 சதுர அங்குலம். புகைக்குழாயின் உள்பரப்பு இதில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது கட்டுகிறவர்களின் அடிப்படைக் கணக்கு. அப்படியானால் 108 வேண்டும். 6 அங்குல பைப்பில் இருப்பது 28. அந்தக் கணப்பால் எந்தக் காலத்திலும் புகையை வெளியேற்றியிருக்க முடியாது. நாலு நாள் அல்ல, நாலு வருஷம் எரித்தாலும் சரியாகியிருக்காது. அது காண்ட்ராக்டருக்குத் தெரிந்தே இருந்தது, இல்லாவிட்டால் அந்தப் பைப்பை மறைக்க அவ்வளவு பெரிய கூடு கட்டியிருக்க மாட்டார்.

250 ஃபயர் பிரிக்ஸில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் சாதாரணச் செங்கல், மேலே மஞ்சள் வண்ணம் கலந்த சிமெண்ட் பூச்சு. நெருப்பு படுகிற இடத்தில் சிமெண்ட் கலவை பொரிந்து உதிர்ந்துவிடும், பின்சுவர் அதற்குள் விரிசல் விட்டே போயிருந்தது. டேம்பர் என்ற இரும்புத் தகடும் இல்லை. சிம்னியின் உச்சி ஓட்டுக்கு மேலே ஓரடிதான். கூரையைத் துளைத்து வெளியே வரும் இடத்திலிருந்து மூன்றடியாவது ஏற வேண்டும், பத்தடி தூரத்துக்குள் இருக்கும் எதையும்விட இரண்டடி உயர வேண்டும். இல்லாவிட்டால் கூரையில் மோதித் திரும்பும் காற்று புகையை வீட்டுக்குள்ளேயே தள்ளும்.

பெரியவர் கூட்டிவந்த ஒரு வயதான மேஸ்திரிதான் திரும்பக் கட்டினார். இந்த முறை நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஃபயர் பிரிக்கைக் கையில் கொடுத்து, "சாதாக் கல்லையும் இதையும் தூக்கிப் பாருங்க" என்றார். எடையிலேயே தெரிந்தது. 12க்கு 12 அங்குலம் உள்குழாய், பக்கச் சுவர்களை உள்பக்கம் சாய்த்து, ஆழத்தைக் குறைத்துக் கட்டினார். அப்படிக் கட்டினால் சூடு அறைக்குள் அதிகம் திரும்பும் என்று 1790களிலேயே ரம்ஃபோர்டு என்பவர் எழுதி வைத்திருக்கிறாராம், என் மகன் படித்துச் சொன்னான். மேஸ்திரிக்கு அது அவர் அப்பா சொல்லிக்கொடுத்த முறை. பூசுவதற்கு முன் ஒவ்வொரு வரிசையையும் போட்டோ எடுத்து வைத்தேன். கடைசியில் ஒரு செய்தித்தாளைக் கொளுத்தி உள்ளே காட்டினார். ஜ்வாலை நிமிர்ந்து மேலே இழுத்துக்கொண்டு போனது. இந்தச் சோதனையைப் பார்க்காமல் யாருக்கும் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். இதற்கு இன்னொரு 1,40,000 ஆனது. ரப்பர் பட்டைகளைப் பிய்த்துப் போட்டோம். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை அம்மா கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருக்கிறோம்.

பழைய காண்ட்ராக்டர் முதலில் "நீங்க எரிக்கத் தெரியாம எரிச்சிருக்கீங்க" என்றார். உடைத்த பைப்பின் படத்தை அனுப்பியதும் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். பில் இல்லாவிட்டாலும் கையால் எழுதிய எஸ்டிமேட்டும், வாட்ஸ்அப் பேச்சும், ஆஸ்பத்திரிச் சீட்டும் என்னிடம் இருக்கின்றன. 1915 எண்ணில் நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, பிரச்சினை நடந்த இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது. அவர் இன்னமும் இதே மலையில் வேலை எடுத்துக்கொண்டிருக்கிறார். அதனால்தான் இந்தப் பதிவு.

கொட்டகையில் இப்போது மூன்று அடுக்கு விறகு இருக்கிறது. ஒவ்வொன்றிலும் அடுக்கிய மாதத்தைச் சாக்பீஸில் எழுதி வைத்திருக்கிறேன். முதல் அடுக்கைத் தட்டினால் டங்கென்று கேட்கிறது. சாயங்காலம் ஆனால் அம்மா நாற்காலியைக் கணப்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்கிறார். ஜன்னலை ஒரு விரல் அகலம் திறந்தாயா என்று கேட்டுவிட்டுத்தான் கையை நெருப்பின் பக்கம் நீட்டுகிறார்.