ஷவரா, வாளியா: எதில் தண்ணீரும் கரண்டும் மிச்சம்?

வாளிதான் சிக்கனம் என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். எந்த ஷவர் என்று பார்க்காமல் எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது.

ஷவருக்கு அடியில் 10 லிட்டர் வாளியை வைத்து முழுதாகத் திறந்துவிடுங்கள். ஒரே நிமிடத்தில் நிரம்பினால், 8 நிமிடக் குளியலுக்கு 80 லிட்டர் போகிறது. நிமிடத்துக்கு 6 லிட்டர் விடும் ஷவரை மாட்டி 5 நிமிடத்தில் முடித்தால் 30 லிட்டர்தான். வாளிக் குளியல் 20 லிட்டரில் அடங்கிவிடும். 20 லிட்டரை 15 டிகிரி சூடேற்ற சுமார் 0.35 யூனிட், 80 லிட்டருக்கு 1.4 யூனிட்.

சிக்கன ஷவரில் இரண்டு தொல்லைகள். மாடித் தொட்டி ஷவருக்கு 3 மீட்டர் மேலே இருந்தால் தண்ணீரின் அழுத்தம் 0.3 பார் (bar, அழுத்தத்தின் அலகு) தான், பல ஷவர்களுக்கு அது போதாது, நூல் மாதிரி ஒழுகும். அடுத்தது, தண்ணீர் ஓடும்போதே சூடாக்கும் இன்ஸ்டன்ட் ஹீட்டர். ஓட்டம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் அது தானாக அணைந்துவிடும், சோப்பு நுரையோடு நிற்கும்போது பச்சைத்தண்ணீர் தலையில் கொட்டும். ஹீட்டர் கையேட்டில் குறைந்தபட்ச ஓட்டத்தைப் பார்த்துவிட்டு ஷவர் வாங்குங்கள்.

உப்புத் தண்ணீரில் துளைகள் அடைத்துக்கொண்டால், வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்துப் பழைய பிரஷ்ஷால் தேய்த்தால் போதும்.

வாளியில் நடக்கும் தவறு வேறு: கொதிக்கக் கொதிக்கப் பிடித்துவிட்டு, ஆற்றுவதற்காக வழியும்வரை தண்ணீர் விடுவது. குழாயில் தேங்கிய குளிர்ந்த நீரை முதலில் வாளியில் பிடித்து, அதன்மேல் வெந்நீர் விடுங்கள். 15 மி.மீ. உள்விட்டக் குழாய் 10 மீட்டர் ஓடினால் அதில் கிட்டத்தட்ட 1.8 லிட்டர் நிற்கும். ஷவரில் அது நேராகச் சாக்கடைக்குத்தான் போகிறது.