கவுச் டு 5கே: முதல் சாரிட்டி ரன்னுக்கு இது மட்டும் போதுமா?

ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தாயிற்று, நண்பர்களிடம் நன்கொடையும் கேட்டாயிற்று. ஆனால் இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. இந்த நிலையில் இருப்பவர்களுக்கு எல்லோரும் கைகாட்டுவது ‘கவுச் டு 5கே’, அதாவது சோபாவிலிருந்து 5 கிலோமீட்டருக்கு. 1996இல் ஜாஷ் கிளார்க் வகுத்த பயிற்சித் திட்டம் இது. பல செயலிகளாகக் கிடைக்கிறது; இங்கே பார்ப்பது பிரிட்டனின் அரசுச் சுகாதார சேவையான என்ஹெச்எஸ் இலவசமாகத் தரும் 9 வார வடிவம். வாரம் மூன்று நாள், நடுவே ஒருநாளாவது ஓய்வு.

முதல் வாரம் மிக எளிது. 5 நிமிடம் விறுவிறுப்பான நடை, பிறகு 60 விநாடி ஓட்டமும் 90 விநாடி நடையும் மாறி மாறி 20 நிமிடம். கூட்டிப் பார்த்தால் ஓட்டம் 8 நிமிடம்தான். எப்போது ஓட வேண்டும், எப்போது நடக்க வேண்டும் என்று காதில் குரல் சொல்லிவிடும். ஒலிம்பிக் வீரர் மைக்கேல் ஜான்சன், நகைச்சுவைக் கலைஞர் சாரா மில்லிகன் என்று யார் குரல் வேண்டுமோ தேர்ந்தெடுக்கலாம். ஆங்கிலம் ஒத்துவராதவர்கள் அட்டவணையை எழுதி வைத்துக்கொண்டு சாதாரண டைமரில் ஓடினாலும் குறையில்லை. மதிப்பெல்லாம் அட்டவணைக்குத்தான்.

அந்த அட்டவணையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ஐந்தாம் வாரம் மூன்றாம் நாள், நிற்காமல் 20 நிமிடம் ஓடச் சொல்வார்கள். பலரும் பயப்படுவது அந்த நாளுக்குத்தான். உண்மையில் கால்களைப் பதம் பார்ப்பது நான்காம் வாரம். முதல் மூன்று வாரங்களில் ஒரு நாளின் மொத்த ஓட்டம் 8 அல்லது 9 நிமிடத்தைத் தாண்டுவதில்லை. நான்காம் வாரத்தில் நடுநடுவே நடையோடு 3, 5, 3, 5 நிமிட ஓட்டங்கள் என்று மொத்தம் சட்டென்று 16 நிமிடம் ஆகிவிடுகிறது. மூச்சு அதற்குள் பழகியிருக்கும். எலும்பும் தசைநாரும் அவ்வளவு சீக்கிரம் பழகாது. கணைக்கால் எலும்பின் உள்ஓரத்தில் வலி கிளம்புவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். எடை அதிகம் உள்ளவர்களும் பல வருடம் உட்கார்ந்தே வேலை பார்த்தவர்களும் மூன்றாம் வாரத்தை இரண்டு முறை செய்துவிட்டு நான்காவதுக்குப் போவது நல்லது. வாரத்தைத் திரும்பச் செய்தால் செயலி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

அடுத்த குறை வேகம். உங்கள் வேகத்தை அளந்து செயலி எச்சரிப்பதில்லை. ‘ஓடு’ என்றதும் புதியவர்கள் செய்வது ஒன்றே: எட்டி எட்டிக் கால் வைப்பார்கள். முழங்கால் விறைத்து, குதிகால் உடம்புக்கு வெகு முன்னால் தரையில் மோதும். ஒவ்வொரு அடியும் பிரேக் போட்டது போல முழங்காலில் இறங்கும். அடியைக் குறுக்கி, பாதம் ஏறக்குறைய இடுப்புக்கு நேர்கீழே விழும்படி ஓடினாலே பாதித் தொந்தரவு தீரும். ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேச முடிந்தால் வேகம் சரி. நடப்பவரே முந்திக்கொண்டு போனாலும் பரவாயில்லை.

பெயர் விஷயத்திலும் ஒரு சின்ன ஏமாற்று உண்டு. ஒன்பதாம் வாரம் முடிவது 30 நிமிட ஓட்டத்தில். 5 கிலோமீட்டரில் அல்ல. கிலோமீட்டருக்கு 8 நிமிடம் எடுப்பவர் 30 நிமிடத்தில் 3.75 கிலோமீட்டர்தான் போயிருப்பார். மிச்சத்தைப் போட்டியன்றுதான் முதன்முறையாகத் தாண்டுவது என்றால் கடைசிக் கிலோமீட்டர் நரகம். ஏழாம் வாரத்திலிருந்து வாரம் ஒரு நாள், ஓட்டம் முடிந்தபின் மீதித் தூரத்தை நடந்தாவது 5 கிலோமீட்டரை முடித்துவிடுங்கள்.

போட்டிக்கு நான்கைந்து வாரமே இருந்தால் வாரங்களைத் தாவாதீர்கள். எட்டிய கட்டத்தின் ஓட்டம்-நடை விகிதத்தையே போட்டியிலும் தொடக்கத்திலிருந்து கடைப்பிடிக்கலாம். இத்தகைய நிகழ்ச்சிகள் பலவற்றில் நடக்கத் தடையில்லை. நேர வரம்பு எவ்வளவு என்று மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். நிதானமான நடைக்கு 5 கிலோமீட்டர் சுமார் ஒரு மணி நேரம். பெயர் கொடுத்தது வெறும் நடைக்கு என்றால் இந்தச் செயலியே தேவையில்லை. வாரம் நான்கு நாள் 20 நிமிட நடையில் தொடங்கி, வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டினால் எட்டு வாரம் கழித்து 60 நிமிடம் வந்துவிடும். இதய நோய், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் எதைத் தொடங்கும் முன்பும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஷூ, உடை பற்றிச் செயலியை நம்ப வேண்டாம். ஷூவை மாலையில் வாங்குங்கள். பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரம் அது. நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். இடித்துக்கொண்டே ஓடினால் நகம் கருத்துவிடும். பருத்தி சாக்ஸ் வியர்வையைக் குடித்து ஈரமாகவே கிடந்து கொப்புளம் போடும்; செயற்கை இழை சாக்ஸ் மேல். உள்தொடை உரசுகிறவர்களுக்கு வாஸ்லின். போட்டியன்று எதுவும் புதிதாக இருக்கக் கூடாது, ஷூவிலிருந்து காலை உணவு வரை.

எண் சீட்டைச் சட்டை போட்டுக்கொண்ட பிறகு நான்கு மூலையிலும் ஊக்கு குத்துங்கள். மேஜைமேல் வைத்துக் குத்தினால் மாட்டும்போது இழுத்துக்கொள்ளும். பின்பக்கம் நேரம் குறிக்கும் சிப் ஒட்டியிருந்தால் மடிக்கக் கூடாது. லேசான உணவு இரண்டு மணி நேரம் முன்பே முடியட்டும். கூட்டத்தின் கடைசியில் நில்லுங்கள். முன்னால் நின்றால் மற்றவர் வேகம் உங்களை இழுத்துக்கொண்டு போய் இரண்டாம் கிலோமீட்டரில் கைவிட்டுவிடும். விலாவில் பிடித்துக்கொண்டால் நடைக்கு மாறி, மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். நெஞ்சில் வலியோ தலைசுற்றலோ வந்தால் அங்கேயே நிறுத்தி உதவி கேளுங்கள். கோட்டைத் தாண்டியதும் சட்டென்று நின்றால் ரத்தம் கால்களிலேயே தேங்கி மயக்கம் வரலாம்; 5 நிமிடமாவது நடந்துகொண்டே இருங்கள்.

தசைவலி மறுநாளைவிட இரண்டாம் நாள் கூடுதலாக இருக்கலாம், குறிப்பாகப் படி இறங்கும்போது முன்தொடையில். அது தானே போய்விடும். எலும்பில் ஒரே ஒரு புள்ளியை விரலால் அழுத்தினால் மட்டும் சுரீரென்று வலித்தால் அது வேறு கதை; ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.