வாசல் கேமரா: இரண்டரை வருடம் கழித்து

விலை குறைந்திருக்கிறதே, வாங்கலாமா என்று விருத்தாசலத்து நண்பன் கேட்டான். வாட்ஸ்அப்பில் ஒரு வரியில் பதில் சொல்லப் பார்த்தேன், முடியவில்லை.

படம் தெளிவா, இரவில் தெரியுமா, எந்த மெமரி கார்டு போடலாம் என்பதெல்லாம் பெட்டியிலேயே இருக்கிறது. அதில் பொய் எதுவும் இல்லை. கடலூர் ஓல்டு டவுன் உப்புக்காற்றில் எங்கள் கேட்டின் கொக்கி வருடத்துக்கு ஒருமுறை துருப்பிடித்து உதிரும். இந்த வைஃபை கேமரா இரண்டரை வருடமாக வராந்தாவில் தொங்குகிறது, கண்ணாடிகூட மங்கவில்லை. எனக்கு வேலை பாண்டியில், அம்மா வீட்டில் தனியாக. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தபோது நான் அங்கேயே மாட்டிக்கொண்டேன். தெருத் தண்ணீர் எங்கள் முதல் படியைத் தொட்டது, இரண்டாவது படி ஏறவில்லை. நெட் போகும்வரை அந்த இரண்டாவது படியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு ராத்திரிக்கே கொடுத்த காசு சரியாகிவிட்டது.

குறை ஒன்றே ஒன்றுதான்: மைக். ஆப்பை அப்டேட் செய்யும்போதெல்லாம் அது தானாக ஆன் ஆகிவிடுகிறது. அணைக்கும் பொத்தான் செட்டிங்கில் எங்கோ அடியில். அணைத்தால், அடுத்த அப்டேட்டில் மறுபடி ஆன்.

இது சின்ன விஷயம் என்றுதான் நானும் நினைத்தேன். ஒருநாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டே ஆப்பைத் திறந்தால், எதிர்வீட்டு அக்கா திண்ணையில் உட்கார்ந்து அம்மாவிடம் தன் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லி அழுதுகொண்டிருந்தார். என்ன கஷ்டம் என்று இங்கே எழுதமாட்டேன். உடனே மூடியிருக்க வேண்டும். மூடவில்லை, நான்கைந்து நிமிடம் கேட்டேன். அடுத்த ஞாயிறு டீக்கடையில் அக்காவின் வீட்டுக்காரர் வழக்கம்போல தோளில் தட்டி நலம் விசாரித்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்புறம் போன ஜூனில் அடாப்டர் புகைந்தது. பழுது பார்த்த கடைக்காரர் நல்ல மனிதர், 350 ரூபாயோடு முடித்துவிட்டார். ஆனால் டெஸ்ட் பார்க்கத் தன் போனில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து, பிறகு எனக்கு ஷேர் செய்திருக்கிறார். அதாவது கேமராவுக்கு ஓனர் அவர், நான் விருந்தாளி. பதினோரு நாள் கழித்துத்தான் கவனித்தேன். பாஸ்வேர்டு ஒன்றிலிருந்து எட்டுவரை. 2016இல் மிராய் என்ற வைரஸ் இப்படிக் கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்துத்தான் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் வரை முடக்கியது. அந்தப் படையில் என் வராந்தாவையும் சேர்த்திருப்பார்கள். கடைக்குப் போய்க் கேட்டேன். "நான் எங்க சார் பார்க்கப் போறேன், இது மாதிரி என் போன்ல நாற்பது வீடு இருக்கு" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

கோபத்தில் சட்டம் படிக்க உட்கார்ந்தேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்கத் தவறும் கம்பெனிக்கு 250 கோடி ரூபாய்வரை அபராதம் என்கிறது. மைக் கம்பெனியை ஒரு கை பார்க்கலாம் என்ற உற்சாகத்தோடு படித்தவன் மூன்றாவது பிரிவில் நின்றுவிட்டேன். ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்காக, வீட்டு உபயோகத்துக்காகச் செய்வதற்கு இந்தச் சட்டம் பொருந்தாதாம். அக்கா அழுததை உட்கார்ந்து கேட்டது கம்பெனியா? நான்தானே.

ஆகவே நண்பனுக்குப் பதில்: இந்த விலைக்கு இதைவிட உழைக்கிற கேமரா நான் பார்த்ததில்லை. வாங்காதே. வாங்கித்தான் தீருவாய் என்றால் திண்ணையை விட்டுவிட்டு கேட்டை மட்டும் பார்க்கிற மாதிரி மாட்டு. ஓனர் யார் என்று ஆப்பில் ஒருமுறை பார்த்துக்கொள்.

நீ மட்டும் ஏன் கழற்றவில்லை என்று கேட்பான். கழற்றிவிடவா என்று அம்மாவிடம் கேட்டேன். "இருக்கட்டும்டா, புயல் கியல் வந்தா நீ பயந்துக்குவ" என்றாள். அவளுக்கு அது 'அவன்'. அவன் பார்க்கிறான் என்று மதியம் மூன்று மணிக்கு ஒட்டடைக்கம்பால் ஒரு துண்டை எடுத்து அவன் தலையில் போட்டுவிடுகிறாள். அக்கா வருகிற நேரம். துண்டு போட்டால் காது அடைபடாது என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. தினமும் இரண்டே முக்காலுக்கு ஆப்பைத் திறந்து, மைக் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுகிறேன்.

மூன்று மணிக்கு 'லென்ஸ் மறைக்கப்பட்டுள்ளது' என்று போன் அதிரும். நேற்று மூன்றரை ஆகியும் அதிரவில்லை. பதறிப்போய் போன் போட்டேன். "ஒண்ணுமில்லடா, அக்கா ஊருக்குப் போயிருக்கா" என்றாள்.